பாதியில் மூடிய அறை

டீச்சர் பள்ளிக்கூட வேலையை விட்டு நாளாகிவிட்டது. ஆனாலும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். கூடவே இருக்கும் அக்காகூட, "டீச்சர், காபி ஆறுது" என்றுதான் கூப்பிடுவார். இப்போது டீச்சர் பார்க்கும் வேலைக்கு வாயில் நுழையாத நீளத்தில் ஒரு பெயர் உண்டு. அது என்ன வேலை என்று விளக்கிச் சொன்ன அன்று அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதாவது பேசாதவங்களைப் பேச வைக்கணும், பேசறவங்களை நிறுத்த வைக்கணும். இதுக்குச் சம்பளம் வேற" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

குடும்ப ஆலோசனை மையம் ஒன்று, பிரிந்து வாழும் பெற்றோருக்காக இணையத்தில் ஒரு வகுப்பு நடத்தி வந்தது. கணவன் ஒரு வீடு, மனைவி ஒரு வீடு என்று ஆன பிறகு பிள்ளையை எப்படி வளர்ப்பது என்பதுதான் பாடம். சிலர் தாங்களாக வருவார்கள். பலரை நீதிமன்றம் அனுப்பி வைக்கும். பாடம் என்பது பேருக்குத்தான், முக்கால்வாசி நேரம் பேச்சு. டீச்சர் ஒரு கேள்வியைக் கொடுத்து, வந்திருப்பவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, திரைக்குள்ளேயே தனித்தனி அறைகளுக்கு அனுப்பிவிடுவார். அங்கே அந்த இருவர் மட்டும் பேசிக்கொள்வார்கள். நேரம் முடிந்ததும் பொது அறைக்குத் திரும்பி, பேசியதை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வார்கள். பொது அறை, தனி அறை என்றெல்லாம் சொன்னாலும் அத்தனையும் நடந்தது டீச்சரின் படுக்கையறை மூலையில், துணி தேய்க்கும் மேசைமேல் வைத்த ஒரு லேப்டாப்பில். அவருக்குப் பின்னால் வெளிர்நீலத்தில் ஒரு திரைச்சீலை தொங்கும். அதற்குப் பின்னால் மடிக்காத துணி எவ்வளவு குவிந்து கிடக்கிறது என்பது அக்காவுக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

இந்த வேலையில் டீச்சர் கெட்டிக்காரர். ஓயாமல் பேசுகிறவரிடம், "நீங்கதான் இன்னிக்கு எல்லாருக்கும் நேரம் பார்த்துச் சொல்லணும்" என்று ஒரு பொறுப்பைக் கொடுத்துவிடுவார். அவர் கடிகாரத்தைப் பார்ப்பாரா, பேசுவாரா? கூச்சப்படுகிறவரிடம் முதலில் பதில் தெரிந்த சின்னக் கேள்வியாகக் கேட்பார். அழுகிறவருக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வர நேரம் கொடுத்து, அதற்குள் பேச்சை வேறு பக்கம் திருப்பி வைத்திருப்பார். மௌனம் மட்டும் அவருக்கு ஆகாது. கேள்வி கேட்டு, திரையில் இருக்கும் கட்டங்களெல்லாம் வெறுமனே விழித்துக்கொண்டிருந்தால், அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்தவர் போலப் பாய்ந்துவிடுவார். அதையும் ஒரு திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

வகுப்பில் யாரும் சொந்தப் பெயரைப் போடக் கூடாது என்று மையத்தில் ஒரு விதி இருந்தது. வழக்கு நடக்கும் குடும்பங்கள். ஒருவர் வீட்டுக் கதை இன்னொருவர் வாயில் விழுந்துவிடக் கூடாது. அதனால் பிள்ளையை வீட்டில் எப்படிச் செல்லமாகக் கூப்பிடுகிறார்களோ அந்தப் பெயரைப் போட்டு, பக்கத்தில் அப்பா என்றோ அம்மா என்றோ சேர்த்துக்கொள்வார்கள். இன்னொரு விதியும் உண்டு. பிரிந்த கணவனும் மனைவியும் ஒரே வகுப்பில் இருக்கக் கூடாது. அதைச் சரிபார்ப்பது அலுவலகத்தின் வேலை.

அந்தத் தடவை சேர்ந்தவர்களில் 'குண்டு அப்பா' என்று ஒருவர் இருந்தார். முதல் நாள் திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஏனென்றால் ஆள் ஈர்க்குச்சி மாதிரி. பையன் பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்தானாம், அதனால் அவன் குண்டு. ஃபிரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் செய்கிறவர். வேலை முடிந்த கையோடு பட்டறையிலிருந்தே வகுப்பில் சேர்ந்துகொள்வார். போனை எதன்மேல் சாய்த்து வைப்பாரோ தெரியாது, திரையில் எப்போதும் அவருடைய நெற்றியும், அதற்குப் பின்னால் கழற்றிச் சாத்திய ஃபிரிட்ஜ் கதவுகளும்தான் தெரியும்.

அந்த நெற்றியிடமிருந்து டீச்சரால் மூன்று சொல்லுக்கு மேல் வாங்க முடியவில்லை. ஆமாங்க. சரிங்க. யோசிக்கணும்ங்க. சின்னக் கேள்வி கேட்டுப் பார்த்தார். பெரிய கேள்வி கேட்டுப் பார்த்தார். ஒரு வாரம், ஒலிபெருக்கி மாதிரிப் பேசும் ஒருவரோடு ஜோடி சேர்த்தும் பார்த்தார். அக்கா அவருக்கு 'மைக் செட்' என்று பெயர் வைத்திருந்தார், மூடிய கதவைத் தாண்டியும் அவர் குரல்தான் ஹாலுக்கு வருமாம். தனி அறையிலிருந்து திரும்பி வந்த மைக் செட், "ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசினோம் டீச்சர்" என்றார். நெற்றி, "ஆமாங்க" என்றது.

"ஒரு ஆளைப் பேச வைக்க முடியலைக்கா" என்று டீச்சர் சாப்பாட்டு மேசையில் குறைபட்டுக்கொண்டார்.

அக்கா முப்பது வருஷம் மருத்துவமனை வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். "விடேன். வலி இருக்கிற இடத்தை எல்லாரும் உடனே காட்ட மாட்டாங்க" என்றார்.

டீச்சர் விடுகிற ஆள் இல்லை.

வகுப்பு பாதியைத் தாண்டிய வாரம் அது. சாயங்காலம் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து போனில் செய்தி வந்தது. இன்னொரு நாள் வகுப்பில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு டியூட்டி மாறிவிட்டது, இந்த வாரப் பாடத்தை மட்டும் உங்களோடு முடித்துக்கொள்வார், 'சிட்டு அம்மா' என்று வருவார், சேர்த்துக்கொள்ளுங்கள். டீச்சர் ஒரு கையில் டம்ளரோடு படித்துவிட்டு, சரி என்று கட்டைவிரலைக் காட்டும் படத்தை அனுப்பினார். வழக்கமாக இதையெல்லாம் சரிபார்க்கும் பெண் அன்று விடுப்பில் இருந்தார். அவர் இடத்தில் உட்கார்ந்தவர் பெயர்களை ஒரு தடவை பார்த்தார். குண்டுவும் சிட்டுவும் ஒரே பிள்ளை என்று யாருக்குத் தோன்றும்? அப்பா கூப்பிடுவது ஒன்று, அம்மா கூப்பிடுவது வேறொன்று. எத்தனை வீட்டில் அப்படி.

அன்றைய கேள்வியை டீச்சரே யோசித்து எழுதியிருந்தார். 'உங்கள் பிள்ளையைப் பற்றி அவனுடைய அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்க நினைத்து, கேட்காமலே விட்ட ஒன்று என்ன?' அதைத் திரையில் போட்டதும் வகுப்பு அடங்கிப்போனது. மைக் செட்கூட இருமிவிட்டு நிறுத்திக்கொண்டார். டீச்சர் இரண்டு இரண்டு பேராகப் பிரிக்கத் தொடங்கினார். ஒருவர் வராததால் குண்டு அப்பாவுக்குத் துணை இல்லாமல் போயிற்று. அந்த நேரத்தில்தான் சிட்டு அம்மா உள்ளே வந்தார்.

முகம் தெரியவில்லை. கறுப்புக் கட்டம், அதில் பெயர், ஒரு தணிந்த குரல். "மன்னிச்சுக்குங்க டீச்சர், லேட்டாயிடுச்சு. டியூட்டி நடுவுல வந்திருக்கேன். வீடியோ போட முடியாது."

கண் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளைப் பதிவு செய்யும் இடத்தில் வேலை என்றும், துணி வைக்கும் அறையில் நின்று பேசுவதாகவும் சொன்னார். பேசும்போதே வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிப் போகும் சத்தம் கேட்டது.

அந்தக் குரல் கேட்டதும், குண்டு அப்பாவின் நெற்றி கீழே இறங்கியது. புருவம் வந்தது, கண் வந்தது, முழு முகமும் வந்தது. இத்தனை வாரத்தில் டீச்சர் அந்த முகத்தை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவர் மைக்கைத் திறந்தார்.

"டீச்சர்..."

"சொல்லுங்க, சொல்லுங்க."

அவர் எதையோ மென்று விழுங்கினார். பின்னால் பட்டறையில் ஒரு மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மூச்சு நேரம் பொறுத்திருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. டீச்சருக்குத்தான் பால் பொங்கிவிடுமே.

"கவலைப்படாதீங்க. இன்னிக்கு உங்களுக்குப் பொறுமையா கேக்கற ஆள் கிடைச்சிருக்காங்க" என்று சொல்லி, இருவரையும் ஒரே அறையில் போட்டு அனுப்பிவிட்டார். அனுப்பியதில் அவருக்கு ஒரு திருப்திகூட. சத்தமில்லாத பெண், சத்தமில்லாத ஆண். இன்றைக்கு வழி பிறந்துவிடும் என்று நினைத்தார்.

அறை அறையாகப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவது அவர் வழக்கம். முதல் அறையில் மைக் செட் தன் மாமியாரின் குணநலன்களை முதலிலிருந்து விளக்கிக்கொண்டிருந்தார். எதிரே இருந்தவர் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் இருவரையும் கேள்விக்குத் திருப்பிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். அங்கே இரண்டு அம்மாக்கள், காலையில் பிள்ளைகளை எழுப்புவதற்குள் தங்கள் உயிர் போவதைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பைக் கெடுக்க மனமில்லாமல் வெளியே வந்தார்.

மூன்றாவது அறைக்குள் தன் கேமராவை அணைத்துவிட்டு நுழைந்தார். உள்ளே ஒரு ஆண் குரல் தொடர்ச்சியாகப் பேசிக்கொண்டிருந்தது. தப்பான அறைக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் பெயரைப் பார்த்தார். குண்டு அப்பாவேதான். முகம் திரை முழுக்க நிறைந்திருந்தது. எங்கேயோ கீழே பார்த்துக்கொண்டு பேசினார்.

"...நடு ராத்திரியில எழுந்து உக்காந்துக்கறான். அழல, கூப்பிடல. வாசக் கதவையே பார்த்துட்டு இருக்கான். படுக்க வெச்சாப் படுத்துக்கறான், கொஞ்ச நேரத்துல மறுபடி உக்காந்துடறான். அங்க உன் வீட்லயும் அப்படித்தானா?"

"ம்" என்றது பெண் குரல். "இங்கயும் அப்படித்தான். என்கிட்ட இருக்கறப்பதான் அப்படிப் பண்றான்னு நான் நெனச்சேன்."

உன் வீட்ல. டீச்சருக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. பிறகு இவருக்கு அவர் யார், அவருக்கு இவர் யார் என்று ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

"டீச்சர் கேக்கச் சொன்னதாலதான் கேக்கறேன்" என்றார் அவர். "இல்லேன்னா எனக்கு வராது. இன்னொண்ணு... அன்னிக்கு நான் வீட்டை விட்டுக் கிளம்பினப்ப அவன் தூங்கிட்டான்னு நீ சொன்னே. தூங்கல. கட்டில்ல உக்காந்து என்னைப் பார்த்துட்டு இருந்தான். உனக்குத் தெரியாது. நான் பார்த்தேன். பார்த்துட்டும்..."

நிறுத்தினார். அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை.

டீச்சரின் தலைக்குள் என்னென்னவோ ஓடியது. விதி. நீதிமன்றம். ஏதாவது தடை உத்தரவு இருந்தால்? இவர் கையை நீட்டிய ஆளாக இருந்தால்? அந்தப் பெண் பயத்தில் பேசாமல் நிற்கிறாரோ? நாளை யாராவது ஏன் சேர்த்து வைத்தாய் என்று கேட்டால்? மைக்கைத் திறந்தார்.

"மன்னிக்கணும், ஒரு சின்னத் தவறு நடந்துடுச்சு" என்று சொல்லும்போதே விரல் தானாகப் போய்ப் பொத்தானை அழுத்திவிட்டது. சிட்டு அம்மாவைப் பொது அறைக்கு இழுத்துக்கொண்டார். கடைசியாக டீச்சர் பார்த்தது, தலையை நிமிர்த்திய ஒரு முகம், திறந்த வாய்.

பொது அறையில் டீச்சரும் அந்தக் கறுப்புக் கட்டமும் மட்டும்.

"ஏன் டீச்சர்?" என்றார் சிட்டு அம்மா.

டீச்சர் விதியைச் சொன்னார், அலுவலகத்தின் கவனக்குறைவைச் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். பேச்சு தட்டுத் தடுமாறியது. "உங்களுக்கு ஒண்ணும் சங்கடம் ஆகலையே?"

"இல்லீங்க. பேசிட்டுதான் இருந்தோம்."

அவ்வளவுதான் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அது டீச்சருக்கு அப்போது ஆறுதலாகக்கூட இருந்தது. அவரை இன்னொரு ஜோடியோடு சேர்த்து அனுப்பிவிட்டு, குண்டு அப்பாவிடம் சொல்லிப் புரியவைக்க அந்த மூன்றாவது அறைக்கு ஓடினார். அங்கே யாரும் இல்லை. ஆள் வகுப்பையே விட்டுப் போய்விட்டிருந்தார்.

வகுப்பு முடிந்ததும் மேனேஜருக்குப் போன் செய்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மேனேஜர் வயதில் சின்னவர், சுறுசுறுப்பானவர், எதையும் நல்லபடியாகவே எடுத்துக்கொள்கிறவர். "கவனிச்ச உடனே வெளிய எடுத்துட்டீங்க பாருங்க, அதுதான் டீச்சர் முக்கியம். வேற யாராவதா இருந்தா திணறிப் போயிருப்பாங்க" என்றார். தப்பு அலுவலகத்துடையது என்றும் தானே ஒப்புக்கொண்டார்.

"அவங்களுக்குள்ள ஏதாவது பயம், அடிதடி...?"

"பார்த்துட்டேன். அப்படி ஒண்ணுமே இல்ல. புகார் இல்ல, தடை இல்ல. பேச்சுவார்த்தை நின்னுபோச்சு, அவ்வளவுதான். பையனைக் கொண்டு விடறதுகூட அந்தம்மாவோட தம்பிதான். ரெண்டு பேரும் நேர்ல பேசியே ரொம்ப நாளாச்சாம்."

டீச்சர் போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பயப்பட வேண்டிய எதுவும் இல்லாத ஓர் அறை. ரொம்ப நாள் பேசாத இருவர். அந்த மனிதர் வாயைத் திறந்தது, டீச்சர் எழுதிக் கொடுத்த கேள்வியால். மூடியதும் டீச்சர்தான்.

ஹாலில் அக்கா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார். தங்கையின் முகத்தைப் பார்த்து, தேற்ற வேண்டும் என்று நினைத்திருப்பார்.

"நீ அப்படியே விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? சண்டை போட்டிருப்பாங்க."

"அதான் எனக்கும் பயம்."

பொய்யாகத் தேற்றுவது அக்காவுக்குக் கை வராத கலை. "சண்டையாவது போட்டிருப்பாங்க" என்றார்.

மறுநாள் டீச்சர் குண்டு அப்பாவுக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் கம்ப்ரஸர் ஓடும் சத்தம். அவர் அதை நிறுத்திவிட்டு வந்தார்.

"நேத்து நடந்ததுக்கு நான் மன்னிப்புக் கேக்கணும்."

"அட, அதெல்லாம் எதுக்குங்க. விதின்னா விதிதானே. நானும் முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்ல வந்தேன், வாய் வரல."

"நீங்க ஏதோ முக்கியமா சொல்லிட்டிருந்தீங்க. அதை அவங்ககிட்ட சொல்லணும்னு இருந்தா, நான் மையத்துல பேசி ஏற்பாடு பண்றேன்."

டீச்சர் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குறுக்கே பேசாமல் காத்திருந்தார்.

"அப்ப வாயில வந்துச்சுங்க" என்றார் அவர். "இப்ப என்ன சொல்லிட்டிருந்தேன்னே பிடிபடல."

பொய் என்று டீச்சருக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்வது?

ஆனாலும் அவர் விடவில்லை. மேனேஜரிடம் நாலைந்து தடவை பேசி, இருவருக்கும் சம்மதம் என்றால் ஒரு தனிச் சந்திப்பு நடத்தலாம் என்று அனுமதி வாங்கினார். நிபந்தனை ஒன்றுதான். டீச்சர் கூடவே இருக்க வேண்டும், இருவரையும் தனியாக விட்டுவிட்டு வெளியே போகக் கூடாது. சிட்டு அம்மா கேட்டதும் சரி என்றார். குண்டு அப்பா, "யோசிக்கணும்ங்க" என்றார். பிறகு அவரும் சரி என்றார்.

அந்தச் சந்திப்புக்கு டீச்சர் தயாரானதைப் போல எந்த வகுப்புக்கும் தயாரானதில்லை. எப்படித் தொடங்குவது, எங்கே விட்டுவிடுவது என்று எழுதி எழுதிக் கிழித்தார். திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த துணியைக்கூட அன்று மடித்து வைத்தார், யாரோ எட்டிப் பார்க்கப்போவது போல.

குண்டு அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு, தலை வாரி, பட்டறைக்குப் பதிலாக ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். முகம் சரியாக நடுவில் தெரிந்தது. சிட்டு அம்மாவும் முகத்தைக் காட்டினார். வட்ட முகம், மருத்துவமனைச் சீருடை, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. புகைப்படத்துக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி இருவரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் மெல்ல ஆரம்பித்தார். அன்று விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றார்.

"பையன் நல்லா இருக்கானா?" என்று கேட்டார் குண்டு அப்பா.

"நல்லா இருக்கான்."

"ஸ்கூலுக்கு ஒழுங்கா போறானா?"

"போறான். டீச்சருங்க எல்லாம் நல்லா சொல்றாங்க."

"அப்ப சரி."

டீச்சர் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். இருவரும் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். ஒரு பெரிய கேள்வி கேட்டார். அதற்கும் மரியாதையாகப் பதில் வந்தது. அலுவலகத்தில் எதிரெதிர் மேசையில் இருக்கிறவர்கள் பேசுவதைப் போல இருந்தது. இதுவரை கற்றுவைத்த வித்தையெல்லாம் கையைவிட்டு நழுவுவதை டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "நான் கேமராவையும் மைக்கையும் அணைச்சிடறேன். நான் இருக்கேன்னே நினைக்காதீங்க" என்றார்.

அணைத்தார். திரையில் அவர் இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் வந்தது. அதில் 'டீச்சர்' என்று எழுதியிருந்தது. இரண்டு பேரும் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியேறிவிடலாமா என்று டீச்சருக்குத் தோன்றியது. ஒரு பொத்தான். வெளியே போய்விட்டு, இணைப்பு அறுந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியும்? விரல் அதன்மேல் போய் நின்றது. அன்று நினைக்கும் முன்னே அழுத்திய விரல், இன்று அசையவில்லை. கூடவே இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம், மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டால் என்ற அதே பயம். உட்கார்ந்தே இருந்துவிட்டார்.

"வேற ஒண்ணும் இல்லைங்க டீச்சர்" என்றார் குண்டு அப்பா அந்தக் கட்டத்தைப் பார்த்து. "எல்லாம் சரியாத்தான் போயிட்டிருக்கு. உங்களுக்குத்தான் சிரமம்."

ஒதுக்கிய நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. சந்திப்பு முடிந்துவிட்டது.

குண்டு அப்பா வகுப்பைக் கடைசிவரை முடித்தார். ஒரு நாள்கூடத் தவறவில்லை, ஒரு சொல்கூடக் கூடுதலாகப் பேசவில்லை. கடைசி வகுப்பில் எல்லோரும் நன்றி சொல்லிக் கிளம்பிய பிறகு கொஞ்சம் தயங்கி நின்று, "உங்க மேல தப்பில்லைங்க டீச்சர், மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட டீச்சர் இரண்டு நாளில் மறந்திருப்பார்.

சிட்டு அம்மா ஒரு தடவை போன் செய்தார். சான்றிதழில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது, அதைத் திருத்தத்தான். அந்த வேலை முடிந்ததும் டீச்சர் கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டார். "அன்னிக்கு அவர் என்ன சொல்ல வந்தாருன்னு உங்களுக்குத் தோணுது?"

"எனக்குத் தெரியும்னுதான் நினைக்கிறேன் டீச்சர். ஆனா என் நினைப்பு தப்பாவும் இருக்கலாம், இல்லையா?"

"நீங்களே கேக்கலாமே. ஒரு போன் பண்ணி."

"கேட்டாச் சொல்லிடுவார். கேட்டதுக்குப் பதில் சொல்லாம இருந்ததே இல்லை அவர்." பின்னால் யாரோ நோயாளியின் பெயரைக் கூப்பிடும் சத்தம் வந்தது. "கூட வாழ்ந்த வருஷமெல்லாம் நான்தான் கேப்பேன், அவர் பதில் சொல்வார். அன்னிக்குத்தான் முதல் தடவையா, நான் ஒண்ணும் கேக்காம, அவரா ஆரம்பிச்சார். அதுக்காகத்தான் டீச்சர் நான் மூச்சுகூட விடாம நின்னேன். இனிமே நான் போய்க் கேட்டு வாங்கினா அது பதில்தானே."

மன்னிப்பு என்ற சொல்லை டீச்சர் ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை அவரிடம் செலவு செய்தாகிவிட்டது.

"ஒரு நல்லது நடந்துச்சு" என்றார் சிட்டு அம்மா, டீச்சர்மேல் பரிதாபப்பட்டவர் போல. "ரெண்டு வீட்லயும் அவன் ராத்திரி எழுந்து உக்காந்துக்கறான்னு தெரிஞ்சுதில்ல? டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். இப்பப் பரவாயில்லை. தூங்கறான்."

மழைக்காலம் வருவதற்குள் வழக்கு முடிந்தது. மேனேஜர்தான் சொன்னார். சண்டை சச்சரவு இல்லாமல், இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு, பையன் எந்தக் கிழமை எங்கே என்பதெல்லாம் தெளிவாக எழுதி, காதும் காதும் வைத்தாற்போல முடிந்துவிட்டதாம். "நம்ம மையத்துக்கு நல்ல பேர் டீச்சர்" என்றார் மேனேஜர் சந்தோஷமாக. டீச்சரும், "ஆமா, நல்லது" என்றார்.

அதற்குப் பிறகு மேனேஜர் இன்னொன்றும் கேட்டார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பயிற்சி. குழுக்களை இணையத்தில் எப்படி நடத்துவது, தவறு நடந்தால் எப்படிச் சமாளிப்பது. அதில் டீச்சர் இந்தச் சம்பவத்தைச் சொல்ல வேண்டும், பெயர் எதுவும் இல்லாமல். வேண்டாம் என்று சொல்ல டீச்சர் வாயெடுத்தார். ஆனால் காரணம் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் ஒப்புக்கொண்டார்.

திரை முழுக்க இளம் முகங்கள். பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் நடந்ததைச் சொன்னார். பெயர்க் குழப்பத்தைச் சொன்னார், அறைக்குள் நுழைந்ததைச் சொன்னார், இருவரையும் பிரித்ததைச் சொன்னார். "உடனடியா எடுத்த முடிவு. இதை எல்லாரும் குறிச்சுக்குங்க" என்றார் மேனேஜர் நடுவில். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

ஒரு பெண் மட்டும் எழுதாமல் கையை உயர்த்தினார். கண்ணாடி போட்டவர், முதல் வேலையாக இருக்கலாம். "மேடம், அவர் ஏதோ சொல்லிட்டிருந்தார்னு சொன்னீங்களே. அது என்ன?"

"தெரியாது" என்றார் டீச்சர்.

"அப்புறமாவது தெரிஞ்சுதா?"

"இல்லம்மா. அவர் சொல்லல. சொல்றதுக்கு நான் விடல."

பேனாக்கள் நின்றுவிட்டிருந்தன. அந்தப் பெண் அடுத்த கேள்வியை யோசிக்கிறாரா, வருத்தப்படுகிறாரா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. மௌனம் நீண்டது. இந்தத் தடவை டீச்சர் அதில் எதையும் போட்டு நிரப்பவில்லை, நிரப்ப அவரிடம் எதுவும் இருக்கவும் இல்லை.

"ரொம்ப நல்ல கேள்வி" என்று மேனேஜர் உற்சாகமாகக் குறுக்கே வந்தார். "நேரம் ஆகுது, அடுத்த தலைப்புக்குப் போயிடலாமா?"

அடுத்த தலைப்பு திரையில் வந்தது. டீச்சரின் முகம் சின்னதாகி ஒரு மூலைக்குப் போனது. பயிற்சி முடியும்வரை கேமராவை அணைக்கக் கூடாது என்பதால், அவர் கவனமாகக் கேட்பவரைப் போல அவ்வப்போது தலையை ஆட்டிக்கொண்டு அந்த மூலையிலேயே உட்கார்ந்திருந்தார்.